ஒருவருக்கு வாந்தி, மறுநாள் மாடி முழுக்க

1985 செப்டம்பர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற பெயரிலேயே ஒரு நகரம் உண்டு. அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 169 பேர் தங்கியிருந்தார்கள். 137 பேர் வேலை பார்த்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு சாண்ட்விச் போட்டார்கள். நாலு நாள் வரை எந்தச் சலனமும் இல்லை. அதன் பிறகு ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். முடிவில் 55 முதியவர்களுக்கும் 18 பணியாளர்களுக்கும் தொற்று. அந்த 55 பேரில் 19 பேர் இறந்துபோனார்கள். அதில் 17 சாவுகளுக்கு இந்த நோயே காரணம் என்று பின்னால் ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதினார்கள்.

கிருமியின் பெயர் ஈ.கோலை ஓ157:எச்7. மூன்று வருடம் முன்புதான், 1982-ல், அமெரிக்காவில் ஹாம்பர்கர் சாப்பிட்டுப் படுத்தவர்களிடம் அதை நோய்க்கிருமியாக அடையாளம் கண்டிருந்தார்கள். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கும்; சிலருக்குச் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். லண்டன் இல்லத்தில் 12 பேருக்கு அப்படி ஆனது. அந்த 12 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர்.

1987-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த அந்த ஆய்வில் இன்றைக்கும் கவனிக்க வேண்டிய விஷயம் சாவுக் கணக்கு மட்டுமல்ல. நோய் இரண்டு அலையாக வந்திருந்தது. முதல் அலைக்குக் காரணம் சாண்ட்விச். இரண்டாவது அலை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றிய தினுசில் இருந்தது. சமையலறையில் நடந்துவிட்ட பிழையை யாரும் திரும்பப் போய்த் திருத்த முடியாது. ஆனால் முதல் நோயாளி படுத்ததற்கும் இரண்டாவது அலை எழுந்ததற்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. எந்த முதியோர் இல்லமானாலும், அதன் தரத்தை அந்த அவகாசத்தில்தான் பார்க்க முடியும். வரவேற்பறையின் சோபாவில் அல்ல.

இதற்கு ஓராண்டு முன்பு, 1984 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் ஸ்டான்லி ராய்ட் மருத்துவமனையில் சால்மொனெல்லா பரவி 19 நோயாளிகள் இறந்தார்கள். பெரும்பாலும் மனநல வார்டுகளில் இருந்த முதியவர்கள். சமைத்த மாட்டிறைச்சியை வெயில் நாளில் மணிக்கணக்கில் குளிர்ப்பெட்டிக்கு வெளியே விட்டிருந்தார்கள் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. கூடவே வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு சங்கதிதான் ஊரைக் கொதிக்க வைத்தது. அரசு மருத்துவமனைகள் முடியரசின் சொத்து. ஆகவே தெருமுனை ஓட்டல்மீது வழக்குப் போடக்கூடிய சுகாதார ஆய்வாளர், மருத்துவமனைச் சமையலறைமீது வழக்குப் போட முடியாது! அந்தச் சலுகையை நாடாளுமன்றம் 1986-ல் சட்டம் இயற்றி நீக்கியது.

இன்று உலகெங்கும் முதியோர் இல்லங்களை அதிகம் ஆட்டிவைப்பது நோரோவைரஸ். 1968-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றில் பரவிய வாந்தியில் சிக்கிய கிருமி அது. 1972-ல் ஆல்பர்ட் கபிகியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டுபிடித்தார். உடம்புக்குள் போன 12 முதல் 48 மணி நேரத்தில் வேலையைக் காட்டும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் ஆள் எழுந்துவிடுவார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். வாந்தி எடுத்தவரைச் சுற்றிக் காற்றில் தெறிக்கும் நுண்துளிகளில் அது இருக்கும். நோய் தெளிந்த பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் வருகிறது என்றும், ஏறத்தாழ 900 பேர் இறக்கிறார்கள் என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். கப்பலில் பரவினால் செய்தித்தாளில் வரும். ஆனால் அந்நாட்டில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் பாதிக்கு மேல் நடப்பது மருத்துவப் பராமரிப்பு இடங்களில், அதிலும் பெரும்பங்கு முதியோர் இல்லங்களில்தான்.

இளைஞருக்கு இரண்டு நாள் அவஸ்தையாக முடிவது எண்பது வயதுக்காரருக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை ஆகிறது? வயதானால் தாக உணர்வு மங்கும். உடம்பில் நீர்ச்சத்தின் கையிருப்பும் குறைவு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகள், உடம்பு வற்றும்போது சிறுநீரகத்தின்மீது பாரத்தை ஏற்றும். மறதி நோய் உள்ளவர் தாகமாக இருக்கிறது என்று சொல்லவும் மாட்டார். தலைசுற்றிக் கழிவறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது தனிக் கதை. பரவலுக்குப் பிறகு எழுதும் அறிக்கைகளில் அந்த விழுந்த கணக்கு பெரும்பாலும் சேருவதே இல்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான ஆய்வைச் சொல்ல வேண்டும். 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒரேகான், விஸ்கான்சின், பென்சில்வேனியா மாநிலங்களில் 308 இல்லங்களில் நடந்த 407 நோரோவைரஸ் பரவல்களை எடுத்து, பரவல் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2012-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. பரவல் காலத்தில் மருத்துவமனையில் சேர்வது 9 சதவீதமும், இறப்பு 11 சதவீதமும் கூடியிருந்தது. அடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: எந்த இல்லத்தில் கூடியது? தங்கியிருப்பவர் ஒருவருக்கு ஒரு நாளில் பதிவு பெற்ற நர்ஸின் நேரம் முக்கால் மணிக்கும் குறைவாகக் கிடைத்த இல்லங்களில் இறப்பு 26 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு மேல் கிடைத்த இல்லங்களில் சொல்லும்படியாக எதுவும் கூடவில்லை.

வைரஸ் ஒன்றுதான். 45 நிமிடம் இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். படுத்திருப்பவரை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவும், ‘நேற்றைக்கு இன்றைக்குக் குழப்பமாகப் பேசுகிறாரே’ என்று கவனிக்கவும் ஆள் வேண்டும். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கப் போகும் பிள்ளைகள் அறையின் அளவையும் ஏசியையும் விசாரிக்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் எத்தனை நர்ஸ், எத்தனை பேருக்கு என்று கேட்பவர்கள் அபூர்வம்.

முதல் இரண்டு நாள்

ஒன்டாரியோவில் சுகாதாரத் துறை வைத்திருக்கும் வரையறை எளிமையானது. 24 மணி நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு முறை நீராகப் போனால், அல்லது இரண்டு முறை வாந்தி எடுத்தால், அல்லது இரண்டும் ஒவ்வொரு முறை நடந்தால் அவர் ஒரு நோயாளி. ஒருவரோடொருவர் தொடர்புள்ள இப்படிப்பட்ட இருவர் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தால் அது பரவல். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல’ என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

சொன்ன பிறகு செய்ய வேண்டியவை ராக்கெட் விஞ்ஞானம் எதுவுமில்லை. ஆனால் ஆள் பலம் கேட்பவை. நோயுற்றவரை அறையிலேயே வைத்து, தனிக் கழிவறையோ தனி கமோடோ தர வேண்டும். பொதுச் சாப்பாட்டு அறையை மூடி, அறைக்கே சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஒரு தளத்தில் வேலை பார்ப்பவர் அடுத்த தளத்துக்குப் போகக்கூடாது. டயாபர் மாற்றியவர் அடுத்து டிரேயைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போகக்கூடாது. கடைசியாகச் சொன்னது காகிதத்தில் சுலபம். இருபது பேருக்கு இரண்டே ஆள் இருக்கும் மாடியில் அதே இரண்டு ஆள்தான் டயாபரும் மாற்றுவார்கள், கஞ்சியும் ஊட்டுவார்கள்.

கொரோனா காலம் எல்லோருக்கும் சானிடைசரைப் பழக்கிவிட்டது. வாசல்தோறும் தொங்கும் அந்த ஆல்கஹால் திரவம் நோரோவைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. ஆன்டிபயாடிக் அதிகம் சாப்பிட்ட முதியவர்களைத் தாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்களிடம் சுத்தமாக எடுபடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும், 20 விநாடியாவது. நோயாளியின் கையையும் கழுவிவிட வேண்டும் என்பதைப் பல இல்லங்கள் மறந்துவிடுகின்றன.

வாந்தியைச் சுத்தம் செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களை முதலில் நகர்த்த வேண்டும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, டிஷ்யூ அல்லது பழைய துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்து, பையில் போட்டுக் கட்ட வேண்டும். விளக்குமாறு கூடாது, காய்ந்த பிறகு வேக்குவம் போடவே கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் பிளீச். அழுக்கின்மேலேயே பிளீச்சை ஊற்றினால் அழுக்கு அதைத் தின்றுவிடும், வைரஸ் பிழைத்துக்கொள்ளும். குளோரின் 1,000 முதல் 5,000 பிபிஎம் வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. நம் ஊர் பிளீச்சிங் பவுடர் புதியதாக இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் போட்டுக் கலக்கினால் அந்த மேல் அளவு கிடைக்கும். பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் போய்விட்டிருக்கும். கரைசலை ஊற்றியதும் துடைத்துவிடாமல் சில நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு மட்டும் பிளீச்சைச் சேர்த்துவிடக்கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும்.

கட்டில் கம்பி, அழைப்பு மணி, டிவி ரிமோட், நடைபழகும் வாக்கர், லிப்ட் பொத்தான், தாழ்வாரத்துக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதாது.

மறதி நோய் உள்ளவரை அறைக்குள்ளேயே வைப்பதுதான் பெரிய சிக்கல். அவர் எழுந்து நடப்பார், அடுத்தவர் கட்டிலில் போய் உட்காருவார். தொற்று என்ற பெயரில் அவரைக் கட்டிப்போடுவதோ, கதவை வெளியே பூட்டுவதோ, மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பதோ சிகிச்சை ஆகாது. கூடவே ஒரு ஆள் நடந்து, அவர் கையைக் கழுவிவிட்டு, தொட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டு வருவதே வழி. மறுபடியும் ஆள் கணக்குதான்.

அந்த ஆளின் வயிறும் இதில் சேர்த்தி. வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பணியாளர் வேலைக்கு வரக்கூடாது என்பது பெரும்பாலான நாடுகளில் உள்ள விதி. அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் தருவது? ஒன்டாரியோவின் தொழிலாளர் சட்டம் ஆண்டுக்கு மூன்று நாள் நோய் விடுப்பைத் தருகிறது, ஆனால் சம்பளமில்லாமல். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் முழுநேர ஊழியருக்கு நிலைமை பரவாயில்லை. இரண்டு மூன்று இல்லங்களில் பகுதிநேரமாக ஓடுபவருக்கு, வீட்டிலிருந்தால் வாடகைப் பணத்தில் துண்டு விழும். அவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிறார் என்றால் அதை ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டுவது கையாலாகாத்தனம். சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்புக் கொடுப்பது, ஒரு தளம் முழுக்கப் படுத்த பிறகு ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

சுவரில் ஒட்டியிருக்கும் உரிமை

ஒன்டாரியோ இங்கே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. டொரன்டோவிலும் அதன் சுற்றுவட்டத்திலும் பெரிய எண்ணிக்கையில் தமிழர்கள் வாழ்கிறார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களில் பலர் பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். அதே இல்லங்களில் பி.எஸ்.டபிள்யூ என்று சொல்லப்படும் பராமரிப்புப் பணியிலும் தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள். பரவல் வந்தால் கட்டிலின் இரண்டு பக்கமும் நம்மவர்களாக இருக்கக்கூடும்.

அங்கே 2021-ல் இயற்றிய நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தில் இல்லவாசிகளின் உரிமைப் பட்டியல் ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு இல்லமும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். தமக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று முழுதாகத் தெரிந்துகொள்வதும், பழிவாங்கப்படுவோம் என்ற பயமின்றிக் குறை சொல்வதும், தம்மைக் கவனித்துக்கொள்ளும் உறவினரின் துணையைத் தொடர்ந்து பெறுவதும் அதில் உள்ள உரிமைகள். கடைசியாகச் சொன்னது கொரோனா கற்றுக்கொடுத்தது. பரவல் அறிவித்ததும் சாதாரணப் பார்வையாளர்களை இல்லம் நிறுத்தலாம். ஆனால் ‘பராமரிப்பாளர்’ என்று பதிவு செய்துகொண்ட மகளோ மருமகனோ உள்ளே போகலாம். கவுன், கையுறை போன்றவற்றைப் போட்டுக்கொண்டு, தன் ஆளின் அறைக்கு மட்டும். இந்தப் பெயரைப் பரவல் வருமுன்பே எழுதிக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் இருந்துவிட்டு, வாசலில் பலகை தொங்கும் நாளில் வரவேற்பறையில் நின்று வாதாடுகிறார்கள்.

அதே சட்டப்படி ஒவ்வொரு இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்கென்றே ஒரு பொறுப்பாளர் இருந்தாக வேண்டும். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் 24 மணி நேரமும் பணியில் இருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்தால் பத்து வேலை நாளுக்குள் இல்லம் பதில் சொல்ல வேண்டும். தீங்கு நடந்துவிட்டது என்ற புகாரை உடனே விசாரிக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் மாகாண அமைச்சகத்தின் ஆய்வாளர்கள் வருவார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையை யாரும் இணையத்தில் படிக்கலாம். அதற்கும் மேலே நோயாளிகளுக்கான ஆம்புட்ஸ்மன் என்ற குறைகேட்பு அலுவலகம் இருக்கிறது. உள்ளே நடப்பதை வெளியே சொன்ன ஊழியரை வேலையை விட்டு நீக்குவதற்கும் சட்டத்தில் தடை உண்டு.

பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் கடமை இருக்கிறது. வீட்டில் குழந்தைக்கு வாந்தி என்றால் அன்றைக்கு இல்லத்துக்குப் போகாமல் இருப்பது அதில் முதலாவது. அம்மாவுக்குப் பிடிக்குமே என்று புட்டும் சொதியும் கொண்டுபோனால், அந்த வேளைக்கே கொடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். பொதுக் குளிர்ப்பெட்டியில் வைத்து ‘நாளைக்கும் குடுங்கோ’ என்பதும், பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குப் பாசத்தோடு ஒரு வாய் ஊட்டுவதும் பரவல் நேரத்தில் வேண்டாம்.

கட்டிலருகே

முதியவருக்கு நீர்ச்சத்து குறைகிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் உண்டு. வயதான தோல் இயல்பாகவே தளர்ந்துதான் இருக்கும், அதை நம்பக்கூடாது. சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறத்தில் போவது, நாக்கு வறண்டிருப்பது, உட்கார்ந்தால் தலை சுற்றுவது, திடீரென்று பேச்சு குழறுவது அல்லது ஆளே மந்தமாகிவிடுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடுமையான வயிற்று வலி, குடித்த எதுவும் தங்காத வாந்தி என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகப் போடக்கூடாது. வாந்தி இருந்தாலும் கொடுக்கலாம். டம்ளரோடு அல்ல, ஸ்பூனால். ஒரு ஸ்பூன், ஒரு நிமிட இடைவெளி, இன்னொரு ஸ்பூன். ‘இன்னும் ஒரு வாய் பாட்டி’ என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு டம்ளர் உள்ளே போயிருக்கும். முன்னே சொன்ன அந்த 45 நிமிடம் எங்கே செலவாகிறது என்பது இப்போது புரியும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை டப்பாவையும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில வகை பிரஷர் மாத்திரைகள், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் போன்றவற்றை வயிற்றுப்போக்கு நிற்கும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். தானாக நிறுத்துவதும் தவறு, கேட்காமல் தொடர்வதும் தவறு. பேதியை நிறுத்தும் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லோருக்கும் வரிசையாகக் கொடுப்பது நம் இல்லங்களில் சகஜம். லண்டன் இல்லத்தில் நோய் தொடங்கிய பிறகு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. நோரோவைரஸுக்கோ அது பயனே இல்லை.

தமிழ்நாட்டில்

2025 ஜூனில் தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவி முதியவர்கள் சிலர் இறந்தார்கள். பிறகு அதிகாரிகள் வந்தார்கள், இல்லத்தை மூடினார்கள்.

நம் ஊரில் முதல் சந்தேகம் தண்ணீர்மீது வர வேண்டும். சம்ப்பை எப்போது கழுவினார்கள், லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா? சுகாதார ஆய்வாளரிடம் உள்ள குளோரோஸ்கோப் கருவியில் சில சொட்டு விட்டால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது சந்தேகம் அன்னதானம். பிறந்த நாளுக்கும் திதிக்கும் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுப்பது நல்ல மனதின் வேலைதான். ஆனால் காலை பத்து மணிக்கு இறக்கிய பிரியாணி பகல் இரண்டு மணிக்கு வெதுவெதுப்பாக வந்து சேர்கிறது. கல்யாண மண்டபத்து மிச்சம் மாலை ஐந்து மணிக்கு வருகிறது. வெந்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விட்டுவைக்கும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழியாது. மிச்ச உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே 2019-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறை கொண்டுவந்தது. தானம் கொடுப்பவர் அரிசியும் பருப்பும் எண்ணெயுமாகக் கொடுத்துவிட்டு, இல்லத்துச் சமையலறையிலேயே சமைக்கச் சொல்வது பாதுகாப்பு. ‘வேண்டாம்’ என்று சொல்ல இல்லத்துக்குத் தயக்கம். தர்ம காரியத்தில் குறை சொல்வதா என்று ஊருக்கும் தயக்கம். வேக்ஃபீல்டில் சமையலறையைச் சட்டம் காப்பாற்றியது. இங்கே புண்ணியம் காப்பாற்றுகிறது.

சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதில், எல்லா முதியோர் இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்று சொன்ன திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் இருவருக்கு மேல் வாந்தி பேதி என்றால் ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், நகரத்தில் நகர்நல அலுவலருக்கும் குடும்பத்தாரே சொல்லலாம். 104 மருத்துவ உதவி எண், 108 ஆம்புலன்ஸ். மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணில் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை பேசலாம். சமையலறை பற்றிய புகார் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கும், கவனிப்புப் பற்றிய புகார் மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் போக வேண்டும்.

நஷ்ட ஈட்டுக்கு இரண்டு வழி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ம் பிரிவில், கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று நுகர்வோர் ஆணையம். மாதக் கட்டணம் வாங்கும் இல்லம் சேவை விற்கும் நிறுவனம்தான். கவனக்குறைவு என்றால் சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. கட்டண ரசீது, சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், எந்த நாளில் யாருக்கு முதலில் வாந்தி என்ற குறிப்பு, மருத்துவமனைக் கேஸ் ஷீட் ஆகியவை வேண்டும். கேஸ் ஷீட்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன்பே மலப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டால் வழக்குக்கும் நல்லது, சிகிச்சைக்கும் நல்லது.

இலவச இல்லத்தில் இருப்பவருக்கு இந்த நுகர்வோர் வழி கிடையாது. காசு வாங்காத சேவையை அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளையில்லாமல், ரசீதில்லாமல், தெருவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம் என்பதால், அவர்கள் சார்பில் ஆட்சியருக்கு மனு எழுதக்கூடியவர்கள் அந்த இல்லத்துக்கு வந்துபோகும் நன்கொடையாளர்களும் தெருக்காரர்களும்தான். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் அந்த மனுவை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.